இரண்டு கேபிள், ஓர் அடங்கல்

பிற்பகல் இரண்டரை மணிக்கு அந்தப் பெண் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஆதார், வங்கிப் புத்தகம், அன்று காலைதான் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அடங்கல். எந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று சொல்லும் தாள் அது. அவருடையதில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நெல் என்று இருந்தது.

பயிர்க் காப்பீட்டுக்கு அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவதாக அறிவித்திருந்தார்கள். முந்தைய வருடம் இதே நிலத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுபோனது. அடுத்த வயல்காரர்கள் பதிந்திருந்தார்கள். இவர் பதியவில்லை. வருடம் முழுக்க அந்த வரப்பைத் தாண்டும்போதெல்லாம் அதைப் பற்றி நினைத்ததாகச் சொன்னார். கணவர் பாம்பனில் கருவாட்டுக் கொட்டகையில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். புறப்படும்போது அவர் சொன்னது ஒன்றுதானாம்: இந்தத் தடவை விட்டுவிடாதே.

போன் எண்ணை அடித்தேன். அவர் போனுக்குக் கடவு எண் குறுஞ்செய்தியாக வந்தது. அதையும் அடித்தேன். பக்கம் திறந்தது. பெயர், ஊர், சர்வே எண் எல்லாம் நிரப்பி அடுத்த பக்கம் போவதற்கான பொத்தானை அழுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: நீங்கள் வேறு இடத்திலிருந்து உள்நுழைந்திருக்கிறீர்கள், பாதுகாப்பு கருதி வெளியேற்றப்படுகிறீர்கள்.

வாசித்துச் சொன்னேன்.

"நான் இங்கனதான இருக்கேன்" என்றார் அவர்.

இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை, இனி பதினைந்து நிமிடம் கழித்துத்தான் கடவு எண் தர முடியும் என்று தளம் சொல்லிவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஆவதற்கு எட்டு நிமிடம் இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். அதைச் செய்தவனே நான்தான். இரண்டு தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி செய்தேன்.

ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் சிக்கல் என்ற ஊருக்குப் பக்கம். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. மேலத்தெருப் பெண்ணைக் கீழத்தெருவில் கட்டுவார்கள், கீழத்தெருப் பெண்ணை மேலத்தெருவில் கட்டுவார்கள். ஆகவே ஊரில் பாதிப் பேர் மீதிப் பாதிக்கு மாப்பிள்ளை அல்லது மச்சான். சண்டைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. நான் வெளியூர்க்காரன். ராமநாதபுரத்தில் ஒரு பத்திரிகையின் மாவட்ட அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, வாடகை குறைவு என்று இங்கே வந்து இருந்தேன். எந்தத் தெருவிலும் பெண் எடுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அதனால் நடுநிலைக்காரன் என்று ஒரு பெயர்.

அலுவலகத்தில் பழைய கணினிகளைக் கழித்தபோது ஒன்றை நான் வாங்கி வைத்திருந்தேன். பத்திரிகைப் பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பப் பயன்பட்டது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் கணினி. சும்மாதானே கிடக்கிறது என்று ஊருக்குக் கொடுத்தேன். ரேஷன் கடை காலி செய்துவிட்டுப் போன கட்டடத்தில் அதை வைத்தார்கள். சான்றிதழ், விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் சிக்கலுக்குப் பேருந்து ஏறுவதை நிறுத்தலாம் என்பது திட்டம்.

இணைய இணைப்பை மேலத்தெரு தருவதாகச் சொன்னது. அன்று மாலையே கீழத்தெருவும் தருவதாகச் சொன்னது. ஒன்று போதும் என்றேன். "அப்ப எங்களோடது போதும்" என்று இருவரும் சொன்னார்கள். எனவே கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகினேன். மேலத்தெரு கேபிள் ஒன்றில், கீழத்தெரு கேபிள் மற்றதில். இரண்டு வேறு வேறு கம்பெனி.

முதல் நாள் எதுவும் வேலை செய்யவில்லை. இரண்டு மோடமும் தொழிற்சாலையிலிருந்து 192.168.1.1 என்ற ஒரே எண்ணோடு வந்திருந்தன. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வாரோ, அதைத்தான் கணினியும் செய்தது. ஒரு வீட்டு எண்ணை மாற்ற வேண்டும் என்றேன். எங்கள் எண்ணை ஏன் மாற்ற வேண்டும் என்று இரண்டு தெருவும் கேட்டன. அந்த எண்ணைப் பற்றி அதற்கு முந்தின நிமிடம் வரை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டையும் மாற்றினேன். கணினி வேலை செய்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த மேலத்தெருக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், திரையில் இருந்த எதையும் விடாமல் வாசிக்கும் பழக்கம் உள்ளவர். அப்போது திரையில் வழி அட்டவணை இருந்தது. கணினியிலிருந்து கிளம்பும் தகவல் எந்தக் கேபிள் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல். வெளியுலகுக்குப் போக இரண்டு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மெட்ரிக் என்று ஒரு எண். மேலத்தெருக் கேபிளுக்கு நூறு. கீழத்தெருவுக்கு இருநூறு.

"அதென்ன, எங்களுக்கு நூறு, அவுகளுக்கு எரநூறு?"

மறுநாள் மேலத்தெருவிலிருந்து பதினைந்து பேர் வந்தார்கள். கீழத்தெருவிலிருந்து இரண்டு பேர் மட்டும், வெற்றிலை போட்டுக்கொண்டு, சிரித்த முகத்துடன் வந்தார்கள். நான் விளக்கினேன். இதில் சின்ன எண்ணுக்குத்தான் முதலிடம். நூறு போட்ட கேபிளில்தான் எல்லாமே போகும். அது அறுந்தால் மட்டுமே இருநூறுக்கு வேலை. அந்த இரண்டு பேரும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார்கள். மதியம் கீழத்தெருவிலிருந்து பதினைந்து பேர் வந்தார்கள்.

இதுபோன்ற விவகாரத்துக்கு இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அய்யனார் கோயிலில் பூசைத் தட்டை முதலில் யார் வாங்குவது என்று ஒரு காலத்தில் தகராறு. தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடந்து, பூசாரி இரண்டு கையில் இரண்டு தட்டை ஒரே நேரத்தில் நீட்ட வேண்டும் என்று முடிவானது. அடுத்த வருடம் வலது கை எந்தத் தெருவுக்கு என்ற கேள்வி வந்தது. அதனால் பூசாரி ஒரு வருடம் வடக்குப் பார்த்தும் மறு வருடம் தெற்குப் பார்த்தும் நிற்கிறார். அதற்குப் பிறகு தகராறு இல்லை. கணினிக்கும் அதே முறைதான் என்று இரண்டு தெருப் பெரியவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

லினக்ஸில் அது முடியாததல்ல. ஒரே வரியில் இரண்டு கேபிளையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எடை ஒன்று என்று எழுதினால் சமமாகப் பிரித்துக்கொள்ளும். புதிதாக ஒவ்வொரு இணைப்பு கிளம்பும்போதும் காசு சுண்டிப் போட்டதுபோல ஒரு பக்கம் போகும். அப்படியே செய்தேன். நீள நோட்டில் நாலு ஷரத்து எழுதினார்கள். மூன்றாவது ஷரத்து: இரு தரப்பாரும் சம்மதிக்காமல் எந்தக் கேபிளையும் உருவக் கூடாது. சாட்சி என்று என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நாலாவது: தெருவுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

காவல் என்றால், கணினியின் முதுகில் கேபிள் சேரும் இடத்தில் மினுக்கும் இரண்டு பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதற்காக மேசையைத் திருப்பிப் போட்டார்கள். திரை சுவரைப் பார்த்தது. நான் சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்தேன். கணினியின் முதுகு சபையைப் பார்த்தது.

ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. செய்தித் தளம், பேருந்து நேரம், தேர்வு முடிவு எதற்கும் தகவல் எந்தக் கேபிளில் வந்தது என்ற கவலை இல்லை. காப்பீட்டுத் தளத்துக்கு இருந்தது. உள்நுழைந்தது மேலத்தெருக் கேபிள் வழியாக. அடுத்த பக்கம் கேட்டது கீழத்தெருக் கேபிள் வழியாக. அந்தத் தளத்தின் கண்ணுக்கு இருவரும் வேறு வேறு ஊர் ஆட்கள். ஒருவருடைய சாவியை இன்னொருவர் திருடிவிட்டதாக நினைத்துக் கதவைச் சாத்தியது. அது செய்தது சரிதான்.

மூன்று மணிக்கு இதைக் காவல்காரர்களுக்கு விளக்கினேன். மேலத்தெருவுக்கு அன்று அதே நடத்துநர். கீழத்தெருவுக்கு டிராக்டர் வைத்திருப்பவர் ஒருவர். இருவரும் மச்சான் மாப்பிள்ளை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கேபிளை உருவினால் போதும் என்றேன்.

"மாப்ள, அஞ்சு மணி வரைக்கும் ஒங்க வயர உருவிக்கிரட்டா?" என்றார் நடத்துநர்.

"ஏன் மச்சான், ஒங்க வயர்ல என்ன முள்ளா இருக்கு? அத உருவுங்க."

"ஷரத்து மூணு என்ன சொல்லுது?"

"ஒங்க கையெழுத்தும் அதுல இருக்குல்ல?"

வேறு வழி இருந்தது. கேபிளை உருவ வேண்டாம். காப்பீட்டுத் தளத்துக்குப் போகும் தகவல் மட்டும் ஒரே கேபிளில் போகும்படி அட்டவணையில் ஒரு வரி சேர்க்கலாம். மற்றதெல்லாம் பழையபடி சமம். இதைச் சொன்னது என் தவறு. ஒரே கேபிள் என்றால் யாருடைய கேபிள் என்ற கேள்வி உடனே வந்தது. அதுவரை தன் கேபிளை விட்டுக்கொடுக்க மறுத்தவர்கள், இப்போது அந்தப் பெண்ணை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். அவர் கீழத்தெருவில் பிறந்து மேலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவர்.

"என் தம்பி பொண்டாட்டி. எங்க வயர்லதான் போகணும்."

"எங்க வீட்டுல பொறந்த பொண்ணு மச்சான். நெலம் யாரு குடுத்தது? எங்க பெரியப்பா சீரா எழுதிக் குடுத்த நெலம்."

"குடுத்தாச்சுல்ல? குடுத்த பெறகு அது எங்க நெலம்."

"அண்ணே, அத்தான், ரெண்டு பேருந்தான்" என்று அந்தப் பெண் குறுக்கிட்டார். "என்னைய எங்கிட்டு வேணா சேத்துக்கங்க. மொதல்ல நெல்ல ஏத்துங்க."

பெரியவர்களுக்கு ஆள் போனது. சிக்கலுக்குப் போய்விடலாமா என்று அவர் என்னைக் கேட்டார். அங்கே சேவை மையத்தில் காலையிலேயே டோக்கன் தீர்ந்துவிட்டதாக அடங்கலை வாங்கிக்கொண்டு வரும் வழியில் அவரே கேட்டுவிட்டு வந்திருந்தார். மறந்துபோய்க் கேட்டார். உறையைத் திறந்து தாள்களை எண்ணிப் பார்த்தார். மூன்று. மறுபடி மூடினார்.

பெரியவர்கள் வர மணி மூன்றே முக்கால். திருவுளச்சீட்டு போடலாம் என்று முடிவாயிற்று. சீட்டு எழுதியாயிற்று. யார் எடுப்பது? மேலத்தெரு ஆள் எடுக்கக் கூடாது, கீழத்தெரு ஆள் எடுக்கக் கூடாது. பேப்பர்காரர் எடுக்கட்டும் என்று ஒருவர் என்னைக் காட்டிச் சொன்னார். பேப்பர்காரர் வீட்டுக்காரர் மேலத்தெரு என்று இன்னொருவர் நினைவூட்டினார். அதாவது நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். என் நடுநிலை அத்தோடு முடிந்தது. பூசாரியைக் கூப்பிடலாம் என்றார்கள். பூசாரி பரமக்குடிக்குப் போயிருந்தார்.

மணி நாலு பத்து. அந்தப் பெண் மடியிலிருந்து போனை எடுத்து மணி பார்த்துவிட்டு மறுபடி மடியில் வைத்தார். அப்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாக எதிரேயே இருந்தது.

"ஒங்க போன்ல நெட்டு இருக்கா?"

"காலைல போட்டேன். அவுகளோட வீடியோல பேசணும்னு."

அந்தத் தளம் போனில் சரியாகத் திறக்காது. தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றவும் வேண்டும். ஆனால் போனைச் சார்ஜ் வயரால் கணினியில் சேர்த்தால் லினக்ஸுக்கு அது மூன்றாவது கேபிள். தொல்லை என்னவென்றால், தகரக் கூரைக் கட்டடத்துக்குள் குறுஞ்செய்தி வரும் அளவுக்குத்தான் சிக்னல், இணையம் வராது. தெற்கு ஜன்னலின் மேல் மூலையில் மட்டும் இரண்டு கோடு வரும். சார்ஜ் வயர் ஒரு முழம். ஆகவே கணினி ஜன்னலுக்குப் போக வேண்டும்.

மேசையை நகர்த்துவதற்கு ஒப்பந்தத்தில் தடை இல்லை. நடத்துநர் ஒரு பக்கம், டிராக்டர்காரர் மறுபக்கம் பிடித்தார்கள். இரண்டு கேபிளும் உருவப்படாமல் கூடவே வர வேண்டும். பாதி தூரத்தில் கீழத்தெருக் கேபிள் இழுத்துக்கொண்டது.

"நிறுத்து, நிறுத்து! எங்களுது அந்துரும்!"

"சின்ன வயரா வாங்கிப் போட்டா அப்படித்தான் மாப்ள."

டிராக்டர்காரர் வெளியே ஓடிப்போய்க் கம்பத்தில் சுற்றியிருந்த மிச்சக் கேபிளை அவிழ்த்துவிட்டு வந்தார். மேசையை மறுபடி தூக்கினார்கள். ஜன்னல் கம்பிக்கு நடுவே போனைச் செருகித் துண்டால் கட்டினோம். கணினி அதைக் கண்டுகொண்டது. அட்டவணையில் அதற்கு ஒரு வரி சேர்த்து மெட்ரிக் ஐம்பது என்று அடித்தேன். மேசையை இப்போது யார் திருப்பிப் போட்டது என்று தெரியவில்லை, திரை சபையைப் பார்த்திருந்தது. எல்லோரும் வாசித்தார்கள்.

"அம்பது யாருக்கு?" என்றார் மேலத்தெருப் பெரியவர்.

"இந்தம்மா போனுக்கு."

"அப்ப மொத எடம் அதுக்கா?"

"ஆமா."

"நாங்க?"

"நீங்க ரெண்டு பேரும் அதுக்கடுத்து. சமமா."

கீழத்தெருப் பெரியவர் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "அவுக எங்களுக்கு முந்தி இல்லைல்ல?"

"இல்லை."

"எங்களுக்கு முந்தி அவுக இல்லைன்னா, அவுகளுக்கு முந்தி நாங்களும் இல்லை. அப்ப சரிதான்."

ஷரத்து எதுவும் மீறப்படவில்லை. இரண்டு கேபிளும் சமமாகச் சும்மா இருந்தன. காவல்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். பச்சை விளக்குகள் முன்போலவே மினுக்கின. வேலை இல்லாவிட்டாலும் மோடமும் கணினியும் இருக்கிறாயா என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். விளக்கு அதற்கும் மினுக்கும். நான் அதை விளக்கவில்லை.

மணி நாலு முப்பத்தைந்து. போன் எண்ணை அடித்தேன். கடவு எண் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த போனுக்கு வந்தது. போனை எடுத்தால் சிக்னல் போய்விடும். நடத்துநர் ஸ்டூலில் ஏறினார். அவருடைய மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது.

"நாலு... மூணு... ஆறு, இல்ல எட்டு... ஒண்ணு..."

"ஆறா எட்டா அத்தான்?" அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"டிக்கெட்டுல எழுதுன எட்டு மாதிரி இல்ல தாயி இது."

டிராக்டர்காரர் அவரை இறங்கச் சொல்லித் தான் ஏறினார். எட்டு. பக்கம் திறந்தது. பெயர். ஊர். சர்வே எண். அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்தினேன். சிவப்பு எழுத்து வரவில்லை. வங்கி விவரம். தாள்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். அடங்கல் பாதி ஏறும்போது போன் அடித்தது.

அவருடைய கணவர்.

"எடுக்காதீக!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். எடுத்துப் பேசினால் அந்தப் போனில் இணையம் நின்றுவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நிறுத்தவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. கை பட்டுத் துண்டு அவிழ்ந்தால்? ஒலித்து ஓய்ந்தது. மறுபடி ஒலித்தது. கட்டடத்தில் இருபது பேர் ஒரு போனைச் சுற்றி நின்று அது ஓய்வதற்காகக் காத்திருந்தோம். "மனுசனுக்குப் பொறுமையே கெடையாது, அங்கிட்டுப் போயும்" என்றார் அந்தப் பெண், போனைப் பார்த்தபடியே. மூன்றாவது முறை ஒலித்து ஓய்ந்ததும் அடங்கல் ஏறி முடிந்தது.

நாலு ஐம்பத்தொன்றுக்குப் பதிவு எண் வந்தது. பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது.

பழக்கத்தில் நான் சரிபார்த்தேன். பெயர், கணவர் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், வங்கிக் கணக்கின் கடைசி நாலு எண். எல்லாம் சரி. அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இரண்டாவது முறை சர்வே எண் வந்தபோது அவரும் கூடவே சொன்னார்.

பின்னால் நீள நோட்டை விரித்துவிட்டார்கள். நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும். முதலிடம் பெற்றவர் யார் என்று எழுதுவது? மேலத்தெரு மருமகள் என்று எழுத வேண்டும் என்றார் நடத்துநர். கீழத்தெரு மகள் என்று எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் டிராக்டர்காரர்.

"ஏத்தா, நீயே சொல்லு" என்று அவரிடமே கேட்டார்கள்.

"எம் பேரு அதுல எதுக்கு?" என்றார் அவர். "இதுல இருக்கு, போதும்." தாளை நாலாக மடிக்கப் போனவர், மடிக்காமல் அப்படியே உறைக்குள் வைத்தார்.

ஸ்டூலில் ஏறித் துண்டை அவிழ்த்தார். சார்ஜ் வயரைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். அட்டவணையிலிருந்து ஐம்பது மறைந்தது. வாசலுக்குப் போகும்போதே போனைக் காதில் வைத்துவிட்டார்.

"பதிஞ்சாச்சு... ஆமா, சீட்டு கையில இருக்கு... ஒண்ணும் ஆகல, ஏன் அத்தன தடவ அடிக்கிறீக... இல்ல, அத்தான் வயரும் இல்ல, அண்ணன் வயரும் இல்ல. நம்ம போன்லதான்."